சாத்தான் வெயில் காயும் பாலம்: டார் ஸ்டெப்ஸுக்கு ஒரு கேமரா நடை

இங்கிலாந்தின் தென்மேற்கில், சாமர்செட் கவுண்டியின் எக்ஸ்மூர் மேட்டுநிலத்தில், பார்ல் என்றொரு ஆறு ஓடுகிறது. அதன் குறுக்கே டார் ஸ்டெப்ஸ் என்ற பழைய கல்பாலம் இருக்கிறது. அதைக் கட்டியவன் சாத்தான் என்கிறது ஊர்க்கதை. ஊர்க்காரர்கள் ஆற்றைக் கடக்க அவன் கட்டவில்லை, தான் படுத்து வெயில் காய்வதற்காகக் கட்டினான். ஒரே ராத்திரியில் மடி நிறையக் கல் அள்ளி வந்தானாம். மடிக்கயிறு அறுந்து கொட்டிய கற்கள்தான் அக்கம்பக்கத்தில் சிதறிக் கிடக்கின்றன என்பார்கள். கட்டி முடித்ததும், இதில் கால் வைக்கும் எந்த உயிரும் பிழைக்காது என்று சொல்லிவிட்டான். சோதித்துப் பார்க்க ஊரார் ஒரு பூனையை விரட்டிவிட்டார்கள். பூனை புகையாகிப் போனது. கடைசியில் பாதிரியார் ஒருவர் துணிந்து இறங்கினார். எதிர்ப்பக்கத்திலிருந்து சாத்தானும் வந்தான். நடுப்பாலத்தில் இருவருக்கும் வாய்ச்சண்டை. அவருடைய கறுப்பு அங்கியைப் பார்த்துச் சாத்தான் காக்கை என்று திட்ட, காக்கை உன்னைவிடக் கறுப்பில்லை என்று அவர் திருப்பிக் கொடுத்ததாக ஒரு வழக்கு உண்டு. வசவுக்கு வசவு சளைக்காமல் நின்றதால் சாத்தான் வழிவிட்டான். தான் வெயில் காயும் நேரம் தவிர மற்ற நேரத்தில் யாரும் கடக்கலாம் என்று ஏற்பாடு.

கதை எனக்கு முன்பே தெரியும். போன வசந்தத்தில் அதைத் திரும்ப ஒருமுறை படித்தபோது, அதில் நாலு படங்கள் இருப்பது கண்ணில் பட்டது. சிதறிய கற்கள். பாலத்து முனையில் ஒரு சின்ன விலங்கு. குறுகலான இடத்தில் எதிரெதிரே இரண்டு பேர். கல்மேல் விழும் வெயில். நாலுமே அந்த இடத்தில் நின்று, தண்ணீரையும் கல்லையும் வெளிச்சத்தையும் கவனமாகப் பார்த்த யாரோ சொன்னவை என்று தோன்றியது. டார் ஸ்டெப்ஸுக்கு வருகிற பெரும்பாலோர் எடுப்பது ஒரே படம்: ஒரு முனையில் நின்று, வைட் லென்ஸில், ஷட்டரை நீண்ட நேரம் திறந்து ஆற்றைப் பால்போல் வெளுக்க வைத்து. அழகான படம்தான். ஆனால் இந்தப் பாலம் எவ்வளவு தாழ்வானது, எவ்வளவு கனமானது, ஏன் இதற்கு இப்படி ஒரு கதை பிறந்தது என்பதெல்லாம் அதில் வருவதில்லை. அதனால் கதையையே ஷாட் லிஸ்ட்டாக வைத்துக்கொண்டு ஒரு தொடர் எடுப்பது என்று கிளம்பினேன்.

பருவம் தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை. பாலம் இருப்பது செங்குத்தான சரிவுகளுக்கு நடுவே, ஓக் காட்டுக்குள். ஜூன் வந்தால் இலைக்கூரை மூடிக்கொள்ளும், உள்ளே பச்சை இருட்டு. பள்ளி விடுமுறையில் பாலம் முழுக்கக் குழந்தைகள். நவம்பருக்குப் பிறகு சூரியன் அவ்வளவு தாழ்வாகப் போகிறது, பள்ளத்தாக்குக்குள் வெயில் இறங்குவதே சிரமம். மே முதல் வாரம் எனக்குப் பொருத்தமாகப் பட்டது. ஓக் மரம் தாமதமாகத் துளிர்க்கும், பீச் மரத்தில் அப்போதுதான் வெளிச்சம் ஊடுருவும் இளம் இலை வந்திருக்கும், காட்டுத்தரையில் ப்ளூபெல் பூத்திருக்கும். சூரியனும் சரிவைத் தாண்டி வர வேண்டிய உயரத்துக்கு வந்துவிடும்.

அப்புறம் ஆற்றின் மட்டம். பார்ல் எக்ஸ்மூரின் உச்சிப் பகுதியில் பிறந்து, சைமன்ஸ்பாத், விதிபூல், டல்வர்டன் வழியாக வந்து எக்ஸ் ஆற்றில் கலக்கிறது. மேலே பீட் நிலம். செத்த பாசியும் புல்லும் மக்கி, தண்ணீரில் ஊறிக் கறுத்த மண் அது. அது நிரம்பியிருக்கும்போது மழை பெய்தால் நீரை உள்ளே வாங்க இடமில்லை, அத்தனையும் சில மணி நேரத்தில் ஆற்றுக்கு வந்துவிடும். அரசின் சுற்றுச்சூழல் முகமை நீர்மட்ட அளவுகளைக் கோட்டு வரைபடமாக இணையத்தில் போடுகிறது. டல்வர்டனுக்குக் கீழே பிரஷ்ஃபோர்டில் இந்த ஆற்றுக்கான அளவிடும் நிலையம் ஒன்று இருக்கிறது. மழை விட்டு இரண்டு மூன்று நாளாகி, கோடு மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும் நாளைத்தான் தேடினேன். அப்போது தண்ணீர் தெளிந்திருக்கும், பாலத்தின் ஒவ்வொரு கண்ணிலும் ஓட்டமும் இருக்கும். வெறும் வறட்சியில் போனால் பாதிக் கண்களில் கூழாங்கல்தான்.

பையில் எடுத்துப்போனவை: ஃபுல் ஃபிரேம் கேமரா, விரிந்த பார்வைக்கு 16-35 லென்ஸ், தூரத்தை இழுக்க 70-200 லென்ஸ், ட்ரைபாட், பளபளப்பை வெட்டும் போலரைசர் ஒன்று, வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் 3 ஸ்டாப்பில் ஒன்று, 6 ஸ்டாப்பில் ஒன்று. ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும். இதோடு பழைய ஜீன்ஸ் துணியில் தைத்து அரிசி நிரப்பிய ஒரு சின்னப் பை. இந்த அரிசிப் பை பிறகு மிக முக்கியமான கருவியாகிவிட்டது. கையில் பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல் 9 வரைபடம், காகிதத்தில். பள்ளத்தாக்குக்குள் போன் சிக்னலை நம்ப முடியாது. முழுக்கால் பேன்ட், அதன்மேல் ஏற்றி இழுத்துவிட்ட காலுறை. மான் நடமாடும் காடு என்பதால் புல்லிலும் பிராக்கன் என்ற பெரணிப் புதரிலும் உண்ணி இருக்கும். லைம் நோய் அதன் வழியாகத்தான் வருகிறது. புல்லில் முழங்காலிட்டுப் படம் எடுப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் பின்பக்கம் வரை பார்த்துவிடுங்கள்.

பாலத்துக்குப் பக்கத்திலேயே, மேட்டில், கட்டண கார் நிறுத்தம் இருக்கிறது. அங்கிருந்து சில நிமிட இறக்கம். நானும் மனைவியும் அதைத் தவிர்த்து, மேல்பக்கம் விதிபூல் கிராமத்தில் வண்டியை விட்டுவிட்டு ஆற்றோரமாகவே நடந்தோம். ஏறக்குறைய 6.5 கிலோமீட்டர். இப்படி வருவதை உறுதியாகப் பரிந்துரைப்பேன். காரில் இறங்கினால் பாலம் ஒரு சுற்றுலாப் பொருளாகத் தெரிகிறது. ஆற்றோடு வந்தால், இத்தனை தூரத்துக்கு இந்த ஆற்றைக் கடப்பது எவ்வளவு கடினம் என்று கால் முதலில் புரிந்துகொள்கிறது. தொடக்கத்தில் புல்வெளி, ஆட்டுக் கொட்டகை, வேலித் தடுப்புகள். அப்புறம் காடு. பாதை முழுக்க வேரும் வழுக்குக் கல்லும் சேறும். ட்ரைபாடைக் கையில் பிடிக்காமல் பையில் கட்டிவிடுவது நல்லது, இரண்டு கையும் தேவைப்படும்.

இங்குள்ள காடு தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. காற்று சுத்தமாகவும் ஈரமாகவும் இருப்பதால் ஓக் கிளைகள் முழுக்கப் பாசியும், மரத்திலும் கல்லிலும் திட்டுத்திட்டாகப் படரும் லைக்கனும். நிழல் வெளிச்சத்தில் இவற்றை எடுக்கும்போது போலரைசரைத் திருப்பிப் பாருங்கள். ஈர இலையின் வெள்ளைப் பளபளப்பு போய், அடியில் உள்ள உண்மையான பச்சை வருகிறது. வானமே இல்லாத படங்களுக்கும் போலரைசர் வேண்டும் என்று நான் நம்புவது இதனால்தான்.

வழியில் டிப்பர் என்ற பறவை. பழுப்பு உடம்பு, மார்பில் மட்டும் பளிச்சென்ற வெள்ளை. ஓடும் தண்ணீருக்குள் மூழ்கி, அடியில் நடந்து பூச்சி பிடிக்கும். மரநிழலில் அந்த வெள்ளை எளிதாக வெளிறிப்போகும் என்பதால் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் குறைத்து, 1/1000 வினாடியில் எடுத்தேன். கொஞ்சம் தள்ளி சாம்பல் வாலாட்டி ஒன்று கல்லுக்குக் கல் தாவிக்கொண்டிருந்தது. நீலகிரி ஓடைகளில் குளிர்காலத்தில் பார்க்கிற அதே இனம். இங்கே அதற்குக் கூடு கட்டும் காலம், வாயில் பூச்சியோடு பறந்தது. கூடு பக்கத்தில் இருக்கும் என்பதால் அங்கே நிற்கவில்லை.

பாலத்தை அடைந்தபோது மணி ஒன்பதை நெருங்கியிருந்தது. ஆற்றின் மேல் இன்னும் நிழல்தான். கேமராவை வெளியே எடுக்கும் முன் ஒரு தடவை முழுக்க நடந்து பார்த்தோம்.

17 கண் பாலம் இது. நீளம் சுமார் 55 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர் அளவு. தண்ணீரிலிருந்து மேல்தளம் ஒரு மீட்டர் உயரம்தான். கல்லை அடுக்கித் தூண், தூணுக்குத் தூண் பலகைக்கல். சுண்ணாம்பு, சாந்து எதுவும் இல்லை. ஒவ்வொரு பலகையும் தன் எடையால் மட்டுமே அங்கே கிடக்கிறது, பெரியவை ஒன்றிரண்டு டன் வரை இருக்கும். இந்த வகைப் பாலத்துக்குக் கிளாப்பர் பாலம் என்று பெயர். தூண்களின் முனைகளில் சாய்வாக நட்ட கற்களைக் கட்டாயம் பாருங்கள். வெள்ளத்தில் வரும் நீரின் வேகத்தையும் கட்டைகளின் இடியையும் தூணுக்கு நேராக வாங்காமல் திருப்பிவிடுவது அவைதான். பெரும்பாலான படங்களில் இவை வருவதே இல்லை, ஏனென்றால் மேலே நின்று எடுத்தால் தெரியாது.

வயது பற்றிச் சச்சரவு உண்டு. வெண்கலக் காலம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், இடைக்காலத்தைச் சேர்ந்தது என்பதுதான் இன்று பலரும் ஏற்கும் கருத்து. வெள்ளம் திரும்பத் திரும்பக் கலைத்து, மனிதர்கள் திரும்பத் திரும்ப அடுக்கிய ஒன்றுக்கு ஒரே வயது சொல்வதும் கடினம். 1952 ஆகஸ்டில் எக்ஸ்மூரில் கொட்டித் தீர்த்த மழை வடக்குக் கரையில் லின்மத் ஊரை அடித்துச் சென்று 34 பேரைக் கொன்றது. அதே வெள்ளம் இந்தப் பக்கம் டார் ஸ்டெப்ஸின் பலகைகளை உருட்டிக்கொண்டு போனது. இப்போது பலகைகளுக்கு எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். எது எங்கே அடித்துப் போனாலும் தேடி எடுத்து அதே இடத்தில் வைக்கலாம். பாலத்துக்கு மேல்புறம் ஆற்றின் குறுக்கே கம்பிவடம் கட்டியிருக்கிறார்கள், வெள்ளத்தில் வரும் மரங்களைப் பிடிக்க. தண்ணீர் பலகைகளுக்கு மேலே ஏறி ஓடுவது இங்கே புதிதல்ல. மிதந்து வரும் ஒரு முழு மரம் இடித்தால்தான் கல் நகர்கிறது.

இதைப் படித்த பிறகு கதையின் முதல் காட்சி எனக்குச் சட்டென்று பிடிபட்டது. 2012 டிசம்பரில் பெரிய மரம் ஒன்று மோதி அந்தக் கம்பிவடம் அறுந்தது, பலகைகள் சிதறின. கதையில் அறுந்தது சாத்தானின் மடிக்கயிறு. ஏதோ ஒரு காலத்து வெள்ளம் வடிந்த காலையில், கீழ்ப்புறம் சிதறிக் கிடந்த கற்களைப் பார்த்த மனிதர் ஒருவருக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியிருந்திருக்கும்.

முதல் படத்தை அதனால் பாலத்துக்குக் கீழ்ப்புறத்திலிருந்து எடுத்தேன். 70-200 லென்ஸில் 135 அளவு, கரையோரம், ட்ரைபாடை முழுக்கத் தாழ்த்தி. முன்னால் சிதறிய கற்கள், பின்னால் கற்களின் ஒழுங்கான வரிசை. நீண்ட லென்ஸ் இரண்டையும் நெருக்கிக் கொண்டுவந்துவிடுகிறது. சிதறலும் அடுக்கும் ஒரே பொருள்தான் என்பது ஒரே பார்வையில் தெரிகிறது. காட்டு நிழலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் திறப்பு) 11 வைத்தால் 1/8 வினாடி வந்தது. போலரைசர் இரண்டு ஸ்டாப் தின்றுவிடும், ஆக அரை வினாடி. என்டி ஃபில்டர் தேவையே படவில்லை. ட்ரைபாட் காலை ஆற்றுக்குள் வைக்கும்போது, சரளையில் அழுத்தித் திருகி இறக்குங்கள். நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். பாரத்துக்காகப் பையைத் தொங்கவிடும் வழக்கம் ஓடும் தண்ணீரில் உதவாது, பை ஆடி ட்ரைபாடையும் ஆட்டும்.

இந்த இடத்தில் ஷட்டர் வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கல்பாலப் படத்தின் குணமே அதில்தான் இருக்கிறது. ஒரே ஃபிரேமை 1/30-இலிருந்து 30 வினாடி வரை படிப்படியாக எடுத்து ஒப்பிட்டேன். 1/30-இல் தண்ணீர் கரடுமுரடாக உறைந்து, கல்லோடு போட்டி போடுகிறது. கால் வினாடியிலிருந்து அரை வினாடி வரை ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஒரு தனி நாக்கு நீளுகிறது. நடுக்கண்களில் நீளமாக, ஓரக்கண்களில் குட்டையாக. எங்கே ஆழம், எங்கே வேகம் என்பது அதிலேயே படிக்கக் கிடைக்கிறது. நாலு வினாடிக்கு மேல் எல்லா நாக்கும் ஒன்றாகி மூட்டமாகிவிடுகிறது. 30 வினாடிப் படத்தில் 17 கண்ணும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அமைதியாக இருக்கிறது, ஆனால் ஆற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 6 ஸ்டாப் ஃபில்டர் அதோடு பைக்குள் போய்விட்டது.

இரண்டாவது படம் பூனை. பாலத்தில் பூனை எதுவும் இல்லை, ஆனால் பூனையின் பார்வை கிடைக்கும். முதல் பலகையின் மேல் அரிசிப் பையை வைத்து அதன்மேல் கேமராவை அழுத்தி உட்கார வைத்தேன். லென்ஸ் கல்லிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லை. 20 மில்லிமீட்டர், எஃப் 11. இந்த அமைப்பில் சுமார் 1.2 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் வைத்தால், 60 சென்டிமீட்டரிலிருந்து எதிர்க்கரை வரை தெளிவாக இருக்கும். முன்பலகையின் லைக்கன் புள்ளிகள், கல்லில் தேய்ந்த பள்ளம், பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள பிளவு எல்லாம் வந்தன. நின்று பார்க்கும்போது ஒரு எட்டில் தாண்டும் பிளவுகள் அந்த உயரத்தில் பயமுறுத்துகின்றன, உள்ளே தண்ணீர் கறுப்பாக ஓடுகிறது. மனைவி பக்கத்தில் குனிந்து திரையைப் பார்த்துவிட்டு, "இந்த உயரத்துல பார்த்தா நானே போக மாட்டேங்க" என்றாள்.

விலங்கை முன்னால் அனுப்பும் இந்தக் கதைத்துண்டு ஐரோப்பா முழுக்க உண்டு. வேல்ஸின் பொன்டார்வினாக்கிலும், வட இங்கிலாந்தின் கர்க்பி லான்ஸ்டேலிலும் நாயை அனுப்புகிறார்கள். ஆனால் அங்கெல்லாம் சாத்தான் ஒப்பந்தக்காரன். பாலம் கட்டித் தருகிறேன், முதலில் கடக்கும் உயிர் எனக்கு என்று பேரம் பேசி, கிழவி ஒருத்தியிடம் ஏமாந்து போகிறான். டார் ஸ்டெப்ஸில் பேரமே கிடையாது. அவன் தனக்காகக் கட்டிக்கொண்டான், மனிதர்கள்தான் வழி கேட்டு வந்தவர்கள். இந்த வேறுபாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பாலம் அவ்வளவு தாழ்வாக, அவ்வளவு தட்டையாக இருப்பதைப் பார்த்தால், இது படுப்பதற்குக் கட்டியது என்று யாருக்கும் தோன்றும்.

அரிசிப் பையோடு காத்திருந்ததற்குப் பலன் கிடைத்தது. எதிர்க்கரையிலிருந்து ஒரு ஸ்பேனியல் நாய் இறங்கியது. நேராக ஓடி வரும் என்று நினைத்தேன். ஒவ்வொரு பிளவிலும் நின்று, முகர்ந்து, அப்புறம் தாண்டியது. நடுவில் ஒரு காலைத் தூக்கியபடி தயங்கி நின்ற நொடியை 1/500-இல் எடுத்தேன். சொந்தக்காரரிடம் படத்தைக் காட்டி, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். சந்தோஷமாகச் சரி என்றார்.

மூன்றாவது, நடுப்பாலத்துச் சந்திப்பு. இதற்கு நான் பார்த்தவரை கண்டிப்பாகத் தேவைப்படுவது பொறுமை மட்டும்தான். கீழ்ப்புறக் கரையில் 200 மில்லிமீட்டர், எஃப் 8, 1/250. மனைவியை ஒரு முனையிலிருந்து நடக்கச் சொல்லி, எதிரே ஆள் வரும் வரை காத்திருந்தேன்.

"இன்னும் எத்தனை தடவைங்க நடக்கணும்?"

"எதிர்ல ஒருத்தர் வர்றார், கொஞ்சம் மெதுவா வாம்மா."

ஒன்றரை மீட்டர் அகலம் என்றால் இரண்டு பேர் உரசாமல் போகலாம்தானே என்று தோன்றும். கைப்பிடி இல்லை, விளிம்பு சீரில்லை, பக்கத்தில் ஓடும் தண்ணீர் கண்ணை இழுக்கிறது. அதனால் மனிதர்கள் நெருங்கும் முன்பே நின்றுவிடுகிறார்கள். இரண்டு மூன்று பலகை இடைவெளி இருக்கும்போதே ஒருவரை ஒருவர் பார்த்து, யார் ஒதுங்குவது என்று பேசாமலே முடிவு செய்கிறார்கள். ஒருவர் அகலமான பலகையாகப் பார்த்துப் பக்கவாட்டில் திரும்பி நிற்க, மற்றவர் கடக்கிறார். கடக்கும் நொடியில் எடுத்தால் இரண்டு உடல்களும் ஒன்றாகி உருவம் கலங்கிவிடுகிறது. அதற்கு முந்தைய நொடிதான் படம். இடைவெளி இன்னும் இருக்கிறது, முடிவு இன்னும் ஆகவில்லை. பாதிரியாரும் சாத்தானும் திட்டிக்கொண்டது அந்த இரண்டு பலகை தூரத்தில் நின்றுதான் என்று அங்கே நின்றபோது உறுதியாகத் தோன்றியது. தூரத்து உருவங்கள் என்பதால் முகம் தெரியாத படங்களை மட்டும் வைத்துக்கொண்டேன்.

நாலாவதுக்காகத்தான் இவ்வளவு சீக்கிரம் கிளம்பி வந்தது. இரு கரையிலும் மரம், ஆற்றுக்கு மேல் மட்டும் வானம் திறந்திருக்கிறது. வெயில் அந்தத் திறப்பு வழியாகத்தான் இறங்க முடியும். முதலில் ஒரு ஓரத்துப் பலகைகளில் விழுந்தது. பிறகு ஒவ்வொரு பலகையாக முன்னேறியது. முற்பகல் கடந்து, பாலம் முழுக்க வெயிலில் இருந்தபோது சுற்றிலும் காடு அதே பச்சை இருட்டில்தான் இருந்தது. பலகையில் கை வைத்துப் பார்த்தேன். வெயிலில் இருந்த கல் நல்ல சூடு, பக்கத்திலேயே நிழலில் இருந்த கல் ஈரமும் குளிருமாக இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் காய்ந்த, தட்டையான, சூடான இடம் இது ஒன்றுதான். வெயில் காய்பவன் வேறு எங்கே போவான்?

எடுப்பதற்குக் கொஞ்சம் சிக்கலான வெளிச்சம். வெயில் பலகைக்கும் காட்டு நிழலுக்கும் இடையே நாலரை ஸ்டாப் வித்தியாசம். ஒரு சின்னப் புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை வெயில் பட்ட கல்லில் வைத்து, அதிலிருந்து மூன்றில் இரண்டு ஸ்டாப் கூட்டினேன். கல் வெளிச்சமாக, ஆனால் அதன் பொரி பொரியான மேற்பரப்பு அழியாமல் வந்தது. வெயிலில் எஃப் 16, போலரைசர், 3 ஸ்டாப் என்டி எல்லாம் சேர்ந்து எனக்கு வேண்டிய கால் வினாடி கிடைத்தது. போலரைசரை, தண்ணீரின் மேல் தெரியும் வானம் முழுக்க மறையும் வரை திருப்பினேன். வானம் போனதும் ஆறு கறுத்துவிட்டது. கறுப்புத் தண்ணீர், கறுப்புக் காடு, நடுவே வெளிச்சமான ஒரு கல்வரிசை.

பாதுகாப்புக்காக இரண்டு ஸ்டாப் கூட்டியும் குறைத்தும் மூன்று படம் எடுத்திருந்தேன், கணினியில் இணைக்கலாம் என்று. இணைத்தும் பார்த்தேன். காட்டின் ஒவ்வொரு இலையும் தெரிந்தது, பாலம் சாதாரணமாகிவிட்டது. ஒற்றைப் படத்தையே வைத்துக்கொண்டேன். இந்தக் கதைக்கு நிழல் வேண்டும். சுற்றிலும் இருட்டு இருந்தால்தான் வெயிலுக்கு ஒரு சொந்தக்காரன் இருக்கிறான் என்று தோன்றும்.

கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்புகளில் செய்த வேலை கொஞ்சம்தான். பீட் நிலத்தின் தண்ணீர் பால் விடாத தேநீர் நிறத்தில் இருக்கும், அது இந்த ஆற்றின் இயல்பு. கேமரா தானே நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அதை அழுக்கு என்று நினைத்துப் போலும், நீலத்துக்குத் தள்ளிவிடுகிறது. எல்லாப் படத்துக்கும் வெளிச்சத்தின் நிற அளவை 5200 கெல்வின் என்று நிலையாக வைத்தேன். இளம் இலைகளின் மஞ்சள் கலந்த பச்சை திரையில் கத்தும், அதன் செறிவை மட்டும் குறைத்தேன். கல்லை மட்டும் மாஸ்க் போட்டுப் பிரித்து அதன் சொரசொரப்பைக் கொஞ்சம் ஏற்றினேன். வானத்தை மாற்றுவது, மூடுபனி சேர்ப்பது போன்றவை இந்தத் தொடருக்கு ஆகாது. இடத்தைச் சரியாகப் பார்த்த ஒருவர் சொன்ன கதையைப் பின்தொடர்கிறேன், நானும் இருந்ததை மட்டும் காட்ட வேண்டும்.

ஏ3 அளவில் அச்சிட்டேன். பளபளப்புத் தாளில் கல் ஈரமாகத் தெரிந்தது. பருத்தி மேட் தாளில் லைக்கனும் சொரசொரப்பும் வந்தன, கறுப்பு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. வரிசை கதையின் வரிசைதான்: சிதறிய கல், தயங்கும் நாய், எதிரெதிர் இருவர், வெயில்.

ஆற்றில் கால் வைத்துப் படம் எடுப்பவர்கள் வீடு திரும்பிய பிறகு ஒரு வேலை இருக்கிறது. பார்லில் அமெரிக்காவிலிருந்து வந்த சிக்னல் க்ரேஃபிஷ் பரவிவிட்டது. கரையைக் குடைகிறது, மீன் முட்டையைத் தின்கிறது, இங்குள்ள க்ரேஃபிஷ் இனத்துக்கு நோய் கொண்டு வருகிறது. ஈர பூட்ஸ், ட்ரைபாட் காலின் மூட்டுகள் வழியாக அந்த நோய் வேறு ஆற்றுக்குப் போய்விடும். ட்ரைபாடின் அடிப்பகுதியைக் கழற்றி, சரளையையும் சேற்றையும் கழுவி, வெயிலில் முழுக்கக் காய வைத்த பிறகுதான் அடுத்த ஆற்றுக்கு எடுத்துப் போக வேண்டும். நான் காய வைத்த பிறகு திருகு மூட்டுகளுக்குக் கொஞ்சம் கிரீஸும் தடவினேன், மணல் புகுந்தால் பிறகு சுழலாது.

இனி எடுக்க வேண்டியது ஒன்று பாக்கி. பலகைகளுக்கு மேலே தண்ணீர் ஏறி ஓடும் நாள். கதையில் அது இல்லை, ஆனால் கதைக்கு முன்னால் நடந்தது அதுதான். அதற்குப் பாலத்துப் பக்கமே போகக் கூடாது. அந்த நேரத்தில் கல் எங்கே முடிகிறது என்றே தெரியாது, பக்கத்தில் ஆற்றில் இறங்கிக் கடக்கும் துறையிலும் இறங்கக் கூடாது. கார் நிறுத்தத்திலிருந்து இறங்கும் பாதையில், ஆற்றுக்கு மேலே, மேட்டிலேயே நின்று 70-200-இல் எடுக்கலாம் என்று இடம் குறித்து வைத்திருக்கிறேன். பீச் இலை செம்பு நிறமாகும் அக்டோபர் கடைசியில், மழை எச்சரிக்கை வந்து பிரஷ்ஃபோர்டு கோடு ஏறத் தொடங்கினால், பகல் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். லென்ஸ் துடைக்க நாலு துணியும், பைக்கு மழை உறையும் இப்போதே எடுத்து வைத்தாயிற்று.